தொண்ணூற்றொரு ரிஜெக்ட்

எனக்கு இயற்பியல் மேல் பெரிய காதலெல்லாம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி டெஸ்டிங் லேபில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. துணியின் எடை என்ன, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா என்றெல்லாம் பார்க்கிற அறை அது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்க பி.எஸ்சி. முடித்திருக்க வேண்டும். எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தால் முதலில் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அந்த ஸ்டூலுக்காகத்தான் நான் படித்தேன்.

செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். தைத்து வருகிற டி-ஷர்ட்டுகளை விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், அளவில் கூடுதல் குறைச்சல் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. காலை எட்டரைக்கு நின்றால் மதியம் ஒரு மணி. ஒன்றரைக்கு மறுபடி நின்றால் இரவு எட்டு. உட்கார்ந்துகொண்டு பார்த்தால் தப்பு கண்ணில் படாது என்று எவனோ ஒரு காலத்தில் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் ஒரு நாளும் நின்று பார்த்தவன் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போகிற மங்கலம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.

என் பெயர் தமிழ்மதி. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணம் ஆன கையோடு வீட்டுக்காரர் ராஜபாண்டியுடன் இங்கே திருப்பூருக்கு வந்தேன். அவர் சாயப்பட்டறையில், நான் பனியன் கம்பெனியில். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து இது ஆறாவது வருஷம். மூன்று வருஷப் படிப்புதான். ஆனால் ஷிப்மென்ட் சமயத்தில் வந்த பரீட்சைகளை எழுதப் போக முடியவில்லை. எழுதியவற்றில் சிலதை எழுதாமலே இருந்திருக்கலாம். எப்படியோ முட்டி மோதி எல்லாத் தாளும் தேறிவிட்டேன். ஒரே ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி. ஆறு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து. அதுவரை தேறியதெல்லாம் சேர்ந்தே போய்விடும்.

லேபில் இப்போது அந்த ஸ்டூலில் இருக்கிற ஜனனி, கல்யாணமாகி மாசக் கடைசியில் நின்றுகொள்கிறாள். எங்கள் குவாலிட்டி மேனேஜர் திருமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் வேற ஆளு பாக்கலீங்க அம்மிணி. அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்கப்படாது. ஆடிட்டு வருதுங்க."

அவர் குன்னத்தூர்க்காரர். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அதனால் திட்டு ஒன்றும் குறைந்துவிடாது. இங்கே வந்து இத்தனை வருஷத்தில் எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது.

முன்பெல்லாம் செய்முறை வகுப்புக்கு ஏதாவது ஒரு கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். பத்து நாள் லீவு போட வேண்டும். லீவு போட்டால் திரும்பி வரும்போது நம் டேபிளில் வேறு ஒருத்தி நிற்பாள். இந்த முறை அது இல்லை. பல்கலைக்கழகம் எங்கோ ஒரு நகரத்தில், ஓர் அறையில், கருவிகளை வைத்து, மேலே கேமரா மாட்டி, எல்லாவற்றையும் இணையத்தோடு சேர்த்துவிட்டது. நாம் போனில் பட்டனைத் தொட்டால் அங்கே கருவி ஓடும். பொம்மைப் படம் இல்லை, நிஜக் கருவி. அரை மணி நேரத்துக்கு ஒரு ஆள் என்று முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரம் கருவி நமக்கு மட்டும்.

எனக்கு வந்த சோதனை கதிரியக்கம். ஒரு பொட்டு அளவுக்குக் கதிரியக்கப் பொருள். அதன் எதிரே ஒரு குழாய். பொருளிலிருந்து வருகிற கதிர் ஒவ்வொன்றையும் குழாய் எண்ணும். பட்டனைத் தொட்டால் பத்து விநாடி எண்ணி, இத்தனை என்று காட்டும். அப்படி நூறு தடவை எண்ண வேண்டும். பிறகு சராசரி எவ்வளவு, சராசரியிலிருந்து விலகல் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். படித்தபோது சிரிப்புதான் வந்தது. எண்ணுவதும், அளவு விலகியிருக்கிறதா என்று பார்ப்பதும்தானே ஒன்பது வருஷமாக என் பிழைப்பு.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு நேரம் கிடைத்தது. ராஜபாண்டி இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் விசைத்தறி ஓடும் சத்தம். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, திறந்தேன்.

கேமராவில் ஒரு மேசை தெரிந்தது. அதில் கருவி. மேசைக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், ஒரு ஸ்டூல். ஒருவரும் இல்லை. அந்த அறையில் ஆளே இல்லை, ஸ்டூல் மட்டும் சும்மா கிடந்தது. கதிரியக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார ஆள் இல்லாத இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பட்டனைத் தொட்டேன். இருபத்தேழு. மறுபடி. இருபத்து நான்கு. பிறகு இருபத்தைந்து, இருபத்தாறு. பத்து தடவை பார்த்ததில் சராசரி இருபத்தைந்து. சரி, இருக்க வேண்டிய அளவு, எங்கள் பாஷையில் ஸ்பெக், இருபத்தைந்து என்று நோட்டின் மேலே எழுதிக்கொண்டேன். எங்கள் ஃப்ளோரில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு மெஷர்மென்ட் சார்ட் வரும். மார்பு இவ்வளவு, நீளம் இவ்வளவு, ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம், அதைத் தாண்டினால் ரிஜெக்ட். அந்தக் கூடுதல் குறைச்சலுக்கு டாலரன்ஸ் என்று பெயர். இந்தச் சோதனைப் புத்தகத்தில் டாலரன்ஸ் எவ்வளவு என்று போடவே இல்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானே மூன்று என்று வைத்தேன். தாராளமாகத்தான் வைத்தேன். இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை பாஸ்.

முப்பத்து மூன்று வந்தது. ரிஜெக்ட். பத்தொன்பது. ரிஜெக்ட். இருபத்தாறு, பாஸ். பதினான்கு வந்தபோது போனைத் துடைத்துப் பார்த்தேன். பதினான்குதான். ரிஜெக்ட்.

இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ் பார்க்கிற கைக்கு, அளவு தவறியதை ஒதுக்குவதற்கு யோசனை தேவையில்லை. கண் பார்க்கும், கை ஒதுக்கும். மூளை ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

அரை மணி நேரத்தில் நூற்றுப்பத்து தடவை ஓட்டினேன். ஐம்பத்தெட்டு பாஸ், ஐம்பத்திரண்டு ரிஜெக்ட். நூற்றுக்கு ஐந்து ரிஜெக்ட் வந்தாலே எங்கள் ஃப்ளோரில் லைனை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இது பாதிக்குப் பாதி. ராஜபாண்டி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னாடி மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"பாதி ரிஜெக்ட்டாவுதுய்யா."

"அப்ப மிசினு ரிப்பேரு. எவனாச்சும் பாத்தாத்தான? ஆளில்லாத ரூமுல போட்டு வச்சா அப்பிடித்தான்."

எனக்கும் அதுதான் தோன்றியது. அடுத்த ஞாயிறு இன்னோர் அரை மணி நேரம் வாங்கி, நாற்பத்திரண்டு பாஸ் வந்து நூறு நிறையும்வரை ஓட்டினேன். அன்றைக்கு முப்பத்தொன்பது ரிஜெக்ட். ஆக மொத்தம் நூறு பாஸ், தொண்ணூற்றொரு ரிஜெக்ட்.

ரெகார்ட் நோட்டில் நூறு பாஸை மட்டும் அழகாக எழுதினேன். பையருக்குப் போகிற பெட்டியில் யாராவது ரிஜெக்ட் பீஸைப் போடுவார்களா? சராசரி இருபத்தைந்து. விலகல் ஒன்று புள்ளி ஒன்பது. புத்தகம் எதிர்பார்த்தது சராசரியின் வர்க்கமூலம், அதாவது ஐந்து. எனக்கு ஐந்தில் பாதிகூட இல்லை. ஒரே பெருமை. "விலகல் அனுமதித்ததைவிடக் குறைவு. முடிவு நன்று" என்று கீழே எழுதி, அடிக்கோடும் போட்டு, கடையில் ஸ்கேன் எடுத்துப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றினேன்.

அந்த வாரம் அஞ்சல் வழியில் படிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்தது. யாரோ புண்ணியவான் நூறு எண்களை வரிசையாகப் போட்டு, சராசரி, விலகல் எல்லாம் கணக்குப் பண்ணி அனுப்பியிருந்தான். நான் திறக்கவில்லை. நல்ல குணம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன், இவன் சும்மா தருகிறானே என்ற எரிச்சல்தான்.

வாய்மொழித் தேர்வு வியாழக்கிழமை மதியம் ஒன்று ஐந்துக்கு என்று செய்தி வந்தது. வீடியோவில். பதினைந்து நிமிஷம். எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அன்று காலை திருமூர்த்தி சாரிடம் போய் நின்றேன். அவர் துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், ஒரு சாவியும் கொடுத்தார்.

"ரிஜெக்ட் ரூமுக்குப் போயிருங்க அம்மிணி. அங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. சன்னல் பக்கம் டவர் கெடைக்கும். ஆனா ஒண்ணரைக்கு மணியடிச்சா டேபிள்ல நிக்கோணும். இன்னைக்கு ஃபைனல் இன்ஸ்பெக்சன், தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க சார்."

ரிஜெக்ட் ரூம் என்பது ஃபினிஷிங் பிரிவுக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. ஒதுக்கிய பீஸெல்லாம் வெள்ளை மூட்டைகளில் கட்டி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு மூட்டையிலும் ஸ்டைல் நம்பர், எண்ணிக்கை, ஒதுக்கிய ஆளின் பெயர். கட்டிங்கில் கொடுத்த பீஸ் எத்தனையோ, பாஸும் ரிஜெக்ட்டும் கூட்டினால் அத்தனை வர வேண்டும். ஒன்று குறைந்தால் லைனே வீட்டுக்குப் போக முடியாது, டேபிளுக்கு அடியில் எல்லாம் தேடுவோம். அந்த அறையில் நாற்காலி கிடையாது. மூட்டை மேல் உட்காரக் கூடாது என்று சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, எதிரே நின்றேன். சாப்பிடவில்லை. காலையிலிருந்தே கெண்டைக்கால் துடித்துக்கொண்டிருந்தது.

திரையில் வந்த மேடம் என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ஐ.டி. கார்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு கொஞ்ச நேரம் கீழே குனிந்து என் ரெகார்டைப் பார்த்தார்.

"நூறு ரீடிங்ல ஒண்ணுகூட இருபத்திரண்டுக்குக் கீழ இல்ல, இருபத்தெட்டுக்கு மேல இல்ல. எப்படி?"

பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டேன். "அளவெல்லாம் கரெக்டா இருக்குங்க மேடம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சராசரி இருபத்தஞ்சுன்னா விலகல் அஞ்சுக்குப் பக்கத்துல வரணும். புத்தகத்துலயே இருக்கு. உங்களுக்கு ஒண்ணு புள்ளி ஒன்பது. கதிரியக்கம் இப்படி நடந்துக்காதும்மா. யாராவது உக்காந்து நம்பர் போட்டாத்தான் இப்படி அழகா வரும்."

போன் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"காலையிலிருந்து பதினாறு பேரைப் பாத்துட்டேன்" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப்போன குரலில். "அதுல பன்னெண்டு பேர்கிட்ட ஒரே நூறு நம்பர். வாட்ஸ்அப்ல சுத்துதாம். நீங்க அதைக்கூட காப்பி அடிக்கல. சொந்தமா போட்டுட்டீங்க."

உக்காந்து என்ற சொல்தான் எனக்கு முதலில் சுட்டது. உட்கார்ந்தா போட்டேன்? இந்த ஒன்பது வருஷத்தில் எந்த ஒன்றை உட்கார்ந்து செய்திருக்கிறேன்? அடுத்துதான் பொய் என்பது உறைத்தது. என்னை மெதுவாக வேலை செய்கிறவள் என்று திட்டியிருக்கிறார்கள், வாயாடி என்று திட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் பொய் சொல்கிறவள் என்று இந்தத் திருப்பூரில் ஒருவர் சொன்னதில்லை.

"நம்பர் போடலீங்க மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "ஒவ்வொண்ணும் பட்டனைத் தொட்டுப் பாத்து எழுதினதுங்க."

"அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. ரீடிங் எல்லாம் ரெண்டு நாள்ல சர்வர்ல அழிஞ்சிடும். எத்தனை தடவை ஓட்டினீங்கங்கிற எண்ணிக்கை மட்டும் இருக்கும். உங்க ஐ.டி.ல கருவி நூத்துத் தொண்ணூத்தொரு தடவை ஓடியிருக்கு. ரெகார்டுல நூறுதான் இருக்கு. மீதி தொண்ணூத்தொண்ணு எங்க?"

"ரிஜெக்ட்டுங்க மேடம்."

"என்னது?"

"டாலரன்ஸைத் தாண்டினதுங்க. இருபத்தெட்டுக்கு மேல, இருபத்திரண்டுக்குக் கீழ வந்ததெல்லாம் ஒதுக்கிட்டேன். மிஷின் பழசு போலங்க. பாதிக்குப் பாதி ரிஜெக்ட் வந்துச்சு."

மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது முகம் அப்படியேதான் இருந்தது.

"இந்தச் சோதனைல டாலரன்ஸே கிடையாதுங்க. முப்பத்து மூணு வந்தா முப்பத்து மூணு. பதினாலு வந்தா பதினாலு. எப்படிச் சிதறி வருதுன்னு பாக்கத்தான் நூறு தடவை எண்ணச் சொல்றோம். நீங்க தூக்கிப் போட்டதும் சேர்ந்தாத்தான் சோதனையே."

இதைக் கேட்டு எனக்குப் பெரிதாக ஒன்றும் வெளிச்சம் அடித்துவிடவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சே என்றுதான் தோன்றியது. கால் வலித்தது. ஜனனியின் ஸ்டூலில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"ரூல்படி ரீடிங்கை எடுத்துப் போடறதும் பொய்யா எழுதறதும் ஒண்ணுதான்" என்றார் மேடம். "அடுத்த செமஸ்டர்ல திரும்பப் பண்ணுங்க."

"அடுத்தது கிடையாதுங்க மேடம். எனக்கு இதோட ஆறு வருஷம் முடியுது."

அவர் திரையில் எதையோ தேடினார். என் பதிவு எண்ணைப் பார்த்திருப்பார். அப்புறம், அவ்வளவு நம்பிக்கை இல்லாமல், கேட்டு வைப்போம் என்பதுபோலக் கேட்டார்.

"அந்தத் தொண்ணூத்தொண்ணை என்ன பண்ணினீங்க?"

"இருக்குங்க."

"எங்க இருக்கு?"

என்ன கேள்வி இது. ரிஜெக்ட்டை யாராவது எறிவார்களா? எறிந்துவிட்டுக் கணக்கு டேலி ஆவதை எப்படிக் காட்டுவது? சாப்பாட்டுப் பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினேன். தேதி, வரிசை எண், வந்த எண்ணிக்கை, பக்கத்தில் கூடுதல் அல்லது குறைச்சல். பக்கத்தின் அடியில் பாஸ் நூறு, ரிஜெக்ட் தொண்ணூற்றொன்று, மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று கூட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் கையெழுத்தை யார் கேட்டார்கள் அங்கே? பழக்கம்.

நோட்டைக் கேமரா முன்னால் பிடித்தேன். என் போன் கேமராவில் கீறல். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"வாசிங்க. வரிசை எண்ணோட வாசிங்க. நான் ஏத்திக்கறேன்."

மணி ஒன்று பதினேழு. எனக்குப் பிறகு காத்திருக்கிறவன் உள்ளே வரப் பார்த்தான் போல. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மேடம் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பதினொண்ணாவது, முப்பத்து மூணு. பன்னெண்டாவது, பத்தொம்பது. பதினாலாவது, பதினாலு. பதினஞ்சாவது, முப்பத்தொண்ணு..."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. இருபது எண் வாசித்திருப்பேன். இடது காலில் சுரீரென்று இழுத்தது. காலை மாற்றி நின்றேன். மறுபடி மாற்றினேன். போன் திரையில் என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியிருக்கும்.

"ஏங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றார் மேடம், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "உக்காந்து படிங்க."

இந்தக் கட்டடத்துக்குள் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. போனுக்குள்ளிருந்து ஒரு முன்பின் தெரியாத பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சுற்றிப் பார்த்தேன். மூட்டைகள்தான் இருந்தன. பக்கத்தில் இருந்த மூட்டையில் நேவி ப்ளூ, நூற்று நாற்பது பீஸ், செக்கிங் தமிழ்மதி என்று என் கையெழுத்தே இருந்தது. நான் ஒதுக்கியதுதான். அதன் மேல் உட்கார்ந்தேன்.

கதவுக் கண்ணாடியில் திருமூர்த்தி சாரின் தலை தெரிந்தது. நேரம் ஆகிறதே என்று பார்க்க வந்திருப்பார். நான் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்ததையும் பார்த்தார். எழுந்துவிடலாமா என்று நான் நினைப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

நான் வாசித்தேன். நடுவில் மேடம் ஒரு முறை நிறுத்தி, சோதிப்பதுபோல, "நாற்பத்து நாலாவது என்ன வந்துச்சு?" என்றார். "அது பாஸுங்க. இருபத்தாறு. முன்பக்கம் இருக்கு" என்றேன். எழுபத்து மூன்றாவது, பன்னிரண்டு. நூற்றிரண்டாவது, நாற்பது. நாற்பது வந்த அன்று ராஜபாண்டி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. கடைசியாக நூற்றுத் தொண்ணூறாவது, முப்பது. நோட்டை மூடினேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. மேடம் திரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார். ஸ்டூல் போனாலும் போகட்டும், பொய்க்காரி என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். அப்படிக்கூட இல்லை, இரண்டும் வேண்டியிருந்தது.

"மொத்தமா சேர்த்தா சராசரி இருபத்தஞ்சு புள்ளி மூணு" என்றார். "விலகல் அஞ்சு புள்ளி ஒண்ணு."

"அது சரிங்களா மேடம்?"

"அதுதான் சரி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "விலகல் கம்மியா இருந்தா நல்லதுன்னு நினைக்கிற ஆளு, பன்னெண்டு, நாற்பதுன்னு பொய்யா எழுத மாட்டாங்க. காலையிலிருந்து நான் பாத்ததுல எண்ணி எழுதினது இது ஒண்ணுதான். ரெகார்டு தப்பு, அதனால மார்க் குறையும். நூத்துத் தொண்ணூத்தொண்ணையும் எழுதி நாளைக்குள்ள ஏத்திடுங்க. பாஸ் போடறேன்."

பாஸ். ஒரு நாளில் அறுநூறு தடவை என் வாயிலிருந்து வருகிற வார்த்தை. எனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மேடம் பார்க்காத மாதிரி வெந்நீரை எடுத்துக் குடித்தார். "அடுத்தவர் வெயிட் பண்றார்ங்க" என்றார் மெதுவாக. படம் போய்விட்டது.

போனில் இப்போது இருட்டுத் திரைதான். அதில் என் முகம். அறையில் சாயமும் புதுத் துணியும் கலந்த வாசனை. எல்லாப் பக்கமும் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி நின்றுகொண்டு எண்ணி எழுதிய நம்பர்.

ஒன்றரை மணி அடித்தது. கீழே ஃப்ளோரில் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. கதவைத் திருமூர்த்தி சார் விரலால் தட்டினார்.

"அம்மிணி, இன்ஸ்பெக்சன் ஆளுக வந்துட்டாங்க. என்னாச்சுங்க?"

"பாஸுங்க சார்."

"அப்ப ஒண்ணாந்தேதி லேபுக்கு வந்துருங்க" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே. "இப்ப எந்திரிங்க."

எழுந்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஆனால் கால் வலி இறங்கியிருந்தது, முதுகு பின்னால் அடுக்கிய மூட்டையில் பதிந்திருந்தது, மனசே வரவில்லை. இன்னும் ஒரே ஒரு ரீடிங் என்று வைத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து விநாடி எண்ணி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் போய் நின்றேன்.